ஆமைத் தொட்டியும் அத்தையின் பையும்

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தாரணியை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். ஹைதராபாத்தில் அலுவலகப் பயிற்சி. தீபாவளிக்குத்தான் வருவாள். கட்டிய புருஷனைப் பிரிகிற துக்கம் முகத்தில் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது, ஆனால் அது ஆமைக்காக. புல்லட்டுக்கு எத்தனை உருண்டை தீனி, வெயில் பல்பை எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று பிளாட்பாரம் முழுக்க அதே பேச்சு. கல்லூரிக் காலத்திலிருந்து அவள் வளர்க்கிற ஆமை. எங்கள் கல்யாணச் சீரில் பீரோ, கட்டிலுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடித் தொட்டியும் லாரியிலிருந்து இறங்கியது.

"தண்ணி மட்டும் தெளிவா இருக்கோணும் மாமா. தண்ணி கெட்டா அவனுக்குக் கண்ணு வீங்கிரும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் ஷிப்ட் இன்சார்ஜ். சிவப்பும் நீலமும் கறுப்புமாக வந்து கொட்டுகிற ஆற்றையே தெளிய வைத்து அனுப்புகிறவன். என்னிடம் போய் ஒரு ஆமைத் தொட்டியைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள்.

ரயில் அசைந்த பிறகு ஜன்னல் வழியாக இன்னொன்றும் சொன்னாள். "அம்மாவ நம்மகூடவே இருக்கச் சொல்லுங்க மாமா. நான் சொன்னாக் கேக்காது. மாப்பிள்ளை வாயால சொன்னாத்தான் இருக்கும்."

ருக்மணி அத்தை என் மாமியார். மாமனார் போன வருடம் போய்ச் சேர்ந்ததிலிருந்து காங்கயத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். தாரணி வரும்வரை எனக்குச் சமைத்துப் போட வந்திருக்கிறார். தீபாவளி முடிந்த மறுநாள் கிளம்பிவிடுவாராம். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள் என்று ஊர் பேசுமாம்.

சொல்லலாம். அவசரமில்லை. முதலில் தண்ணீரைப் பார்ப்போம்.

செப்டம்பர் 3, புதன்

அத்தை என் முன்னால் உட்கார மாட்டார். நான் ஹாலுக்கு வந்தால் எழுந்து சமையலறை நிலைப்படிக்குப் பின்னால் போய்விடுவார். அங்கிருந்து ஒரு புடவைத் தலைப்பும் குரலும் மட்டும் வரும். "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுங்களா?" அவர் நிற்கிறாரே என்று நானும் கால்மேல் கால் போடுவதில்லை. லுங்கியை மடித்துக் கட்டுவதில்லை. சொந்த வீட்டில் இன்டர்வியூவுக்கு வந்தவன் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து டிவி பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் முதுகு வலி.

தாரணி அவருக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது காலியாகவே இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் அரக்கு நிறத்தில் ஜிப் வைத்த பை. புடவையை அதிலிருந்து எடுப்பார், கட்டுவார், துவைப்பார், மடித்து மறுபடி அதற்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடுவார். பஸ் ஸ்டாண்டில் தங்கியிருக்கிறவர் மாதிரி.

தண்ணீர் நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

தண்ணீரில் லேசாக ஒரு மங்கல். பயப்பட ஒன்றுமில்லை. ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சைக் குழாயடியில் வைத்து, பழுப்பு முழுக்கப் போய் வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை கசக்கினேன். வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும். இனி தினமும் சாயங்காலம் இதைச் செய்வதாக முடிவு செய்தேன்.

செப்டம்பர் 13, சனி

மங்கல் அதிகமாகிவிட்டது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. அதில் புல்லட் நீந்துவதைப் பார்த்தால் மேகத்துக்குள் ஹெலிகாப்டர் போகிற மாதிரி தெரிகிறது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துவிட்டுத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று தாரணி சொல்லியிருந்தாள். அப்படியே செய்கிறேன். ஆனால் பால்கனியில் வைத்த வாளியை இன்று முகர்ந்து பார்த்தபோது அப்போதுதான் பிடித்தது போல மருந்து வாடை. பக்கத்தில் கறிவேப்பிலைச் செடிக்கடியில் மண் ஈரமாக இருந்தது.

பழைய தண்ணீர் எதற்கு என்று அத்தை செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து வைக்கிறார் போலிருக்கிறது. எப்படிச் சொல்வது? மாமியாரிடம் போய், நீங்கள் வாளியைத் தொடாதீர்கள் என்றா? வேறு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். வேறு யாரும் வீட்டில் இல்லை.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் இனி ஒரு மாதத்துக்குக் கவிச்சி கிடையாது. எனக்குச் சம்மதம்தான். சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த காய்ந்த இறால் டப்பாவைக் காணவில்லை. ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் வாசலுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டில், என் பழைய ஷூவுக்குள் இருந்தது.

ராத்திரி தாரணி போனில் வந்தாள். நான் ஹாலில் இருந்து அவளிடம் புகார் சொல்ல, அவள் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அத்தை போனுக்கு அழைத்தாள். பத்தடி தூரத்தில் சமையலறையில் மணி அடித்தது. அத்தை சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆமை என்றால் பெருமாள் எடுத்த அவதாரமாம். புரட்டாசியில் அவருக்கே இறால் போடுகிற வீடு உருப்படுமா என்று மாப்பிள்ளையிடம் பக்குவமாகக் கேட்கச் சொன்னார். தாரணி மறுபடி எனக்கு அழைத்துப் பக்குவமாகக் கேட்டாள். திருப்பூரிலிருந்து ஹைதராபாத் போய்த் திரும்பி வந்தது அந்தக் கேள்வி.

அத்தை சொல்வது சரிதான் என்று சொல்லச் சொன்னேன்.

செப்டம்பர் 22, திங்கள்

இறாலைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு லிப்டில் வந்தேன். மூன்றாவது மாடி நாய் எங்கள் வாசல்வரை கூடவே வந்தது. புல்லட்டைப் பால்கனிக்குத் தூக்கிப் போய் ஊட்டினேன். வளர்கிற பிள்ளை, சத்து வேண்டாமா?

செப்டம்பர் 27, சனி

தண்ணீர் இப்போது நாறவும் தொடங்கிவிட்டது. மாற்றுகிறேன், மறுநாளே கெடுகிறது. பஞ்சைத் தேய்க்கிறேன், மறுநாளே வழவழப்பு. இன்று பஞ்சின் இடுக்கில் வெள்ளையாக, நீளமாக ஏதோ பொடித் துணுக்குகள் இருந்தன. பார்த்தால் சோற்றுப் பருக்கை போலத்தான் இருக்கிறது. நத்தை முட்டையாக இருக்கும் என்று நினைக்கிறேன். இதுவரை தொட்டியில் நத்தை எதையும் பார்த்ததில்லை, ஆனாலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு சங்கதி. இன்று அத்தை செய்த சர்க்கரைப் பொங்கலில் நெய் அப்படி மணந்தது. நிலைப்படிக்குப் பின்னாலிருந்து மாமனார் இதை உப்புப் போட்டுச் சாப்பிடுவார் என்று தானாகவே சொன்னார். யாராவது பொங்கலுக்கு உப்புப் போடுவார்களா என்று நான் கேட்டேன். அவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன், தலைப்பு அசைந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நிலையத்தில் மோட்டார், பம்பு, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரி கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். அத்தையும் சும்மா இருக்கவில்லை. மிக்ஸி, கிரைண்டர், என் பைக், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பொட்டோடு மங்களகரமாக இருந்தன. அத்தோடு விட்டிருக்கலாம். தொட்டிக்குள் ஓடுகிற ஃபில்டரும் ஒரு மோட்டார்தானே என்று, கையை உள்ளே விட்டு அதற்கும் பட்டையாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்.

தொட்டி முழுக்கச் சிவப்பு. நிலையத்தில் எத்தனையோ நாள் பார்த்த அதே சிவப்பு. வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று தாரணி சொல்வாள், அது தானாகவே வந்துவிட்டது. புல்லட் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தான். நெற்றியில் அவனுக்கும் ஒரு பொட்டு.

மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டிவிட்டு, நேரமில்லாததால் குழாய்த் தண்ணீரையே நிரப்பினேன். அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. இரண்டு பேரும் அவ்வளவு மரியாதையானவர்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் அத்தை நிலைப்படியைத் தாண்டி வந்து என் அறைக் கதவைத் தட்டினார். "மாப்பிள்ளை, எந்திரிங்க. இவன் கண்ணத் தொறக்க மாட்டேங்கறான்" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. தொட்டால் தலையை உள்ளே இழுக்கக்கூட இல்லை. தாரணி ரயில் நிலையத்தில் சொன்னது காதுக்குள் கேட்டது.

எதில் தூக்கிப்போவது என்று நான் அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தபோது, அத்தை தன் அரக்குப் பையைக் கட்டில்மேல் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தார். மடித்த புடவைகள், மாமனார் படம், மாத்திரை டப்பா எல்லாம் சிதறின. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈரத் துண்டை விரித்துப் புல்லட்டை உள்ளே வைத்தார். ஜிப்பை மூடினார். அவனுக்குக் காற்று வேண்டுமே என்று நான் பதற்றத்தில் அதைத் திறக்க வேகமாக இழுக்க, அது பல்லோடு பிய்ந்து கையில் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் சின்ன வயசு. ஆட்டையும் நாயையும் பார்க்கிறவர், ஆமையும் கொஞ்சம் தெரியும் என்றார். கண்ணுக்கு மருந்து விட்டுவிட்டு, என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கடையில் விற்கிற உருண்டைத் தீனி என்றேன். டாக்டர் அத்தையைப் பார்த்தார்.

அத்தை டாக்டரைப் பார்த்தே சொன்னார், என் பக்கம் திரும்பவில்லை. "காலைல தயிர்சோறுங்க. சனிக்கெழமைன்னா சக்கரப் பொங்கல் ஒரு வாய்ங்க. புரட்டாசிங்களே, பட்டினி போட முடியுங்களா?"

அப்புறம் எனக்கும் வேறு வழியில்லை. இறால் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

ஃபில்டர் பஞ்சை எப்போது கழுவுவீர்கள் என்பது அடுத்த கேள்வி. தினமும் சாயங்காலம், வெள்ளையாகும்வரை என்றேன். தினமும் காலையில், மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு, துணி சோப்புப் போட்டு என்றார் அத்தை. மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி, அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றுதானாம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பஞ்சில் பிடிக்கிற வழவழப்பு அழுக்கு இல்லை, அதில்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நல்ல நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அதைக் காலையும் மாலையும் கொன்றுவிட்டு, இருவேளை விருந்தும் போட்டால் தண்ணீர் எப்படித் தெளியும் என்றார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்.

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. நிலையத்தில் இதே நுண்ணுயிர்களுக்கு வெல்லக் கரைசலும் சாணியும் ஊற்றி வளர்க்கிறவன் நான். அங்கே தொட்டியில் பிளீச்சிங் பவுடர் சிந்தினால் ஆட்களைக் கண்டபடி திட்டுகிறவன்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. ஆமைக்கு யாராவது தயிர்சாதம் போடுவார்களா அத்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சத்தமாகவே கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் கத்துகிறேன் என்பது உறைத்தது.

அத்தை நிலைப்படிக்குப் போகவில்லை. ஹாலின் நடுவில் நின்றார்.

"நீங்க பால்கனியில ஒளிஞ்சு எறால் ஊட்டுனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? மூக்கு இருக்குதுங்க எனக்கு. சொன்னா மாப்பிள்ளை மனசு சங்கடப்படுமேன்னு வாய மூடிட்டு இருந்தன். ரெண்டு பேரும் மரியாத பாத்துப் பாத்து அந்த வாயில்லாச் சீவனக் கொல்லப் பாத்தோம்" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

என் முன்னால் அத்தை உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நான் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கம்மி என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

புல்லட் ஒரு கண்ணைத் திறந்தான். இடது கண். அதைத் திறந்ததும் முதலில் பார்த்தது அத்தையைத்தான். அத்தை போனில் ஊருக்கே சொல்லிவிட்டார்.

புது ஏற்பாடு: தீனி தொட்டிக்குள் கிடையாது, பழைய பிளாஸ்டிக் பேசினில் வைத்துத்தான். அங்கே தின்று அசிங்கம் பண்ணிவிட்டு உள்ளே போகட்டும். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றம். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக ஒரு அலசு, அதோடு சரி. வாளியை யாரும் தொடக் கூடாது. கறிவேப்பிலைக்குத் தனி வாளி.

நிலையத்தில் வெல்லம் போடுவதைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். கொஞ்சம் வெல்லம் தட்டிப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அத்தை என்றேன். இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடிய வார்த்தை அது என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

புரட்டாசி முடியும்வரை இறால் இல்லை என்றும் முடிவாயிற்று. உருண்டைத் தீனி, கூடவே கீரை. உருண்டை மாவில் செய்தது என்று அத்தை நம்புகிறார். டப்பாவின் பின்பக்கம் எழுதியிருப்பதை நான் படித்துக் காட்டவில்லை.

அரக்குப் பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறோம். ஜிப் நான் பிய்த்தது, நான்தான் சரி செய்து தர வேண்டும். கடைவீதியில் ஜிப் தைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அதுவரைக்கும் புடவைகள் அலமாரித் தட்டில் இருக்கின்றன.

அக்டோபர் 8, புதன்

ஜிப் கடை மூடியிருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

தண்ணீர் தெளிகிறது! அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. நானும் அத்தையும் ஆளுக்கொரு நாற்காலி போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்து டிவி பார்ப்பது போலப் பார்த்தோம். அத்தை காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்திருந்தார். நான் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தேன். பஞ்சை அதிகமாக அலசிவிட்டேன் என்று திட்டினார். மாமனாரும் இப்படித்தான், எந்த வேலையிலும் கை அடக்கம் கிடையாது என்றார். அரிசிம்பருப்பு சாதத்தை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

ஜிப் கடைப் பக்கம் போனேன். கூட்டமாக இருந்தது. தீபாவளி நேரம், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஜிப்புக்கு ஏற்ற அரக்கு நிறம் கிடைப்பது கஷ்டம் என்று அத்தையிடம் சொன்னேன். அப்படீங்களா என்றார்.

அக்டோபர் 18, சனி

தாரணி வந்துவிட்டாள். அழைத்துவரப் போகலாம் என்று இருந்தால், ரயில் சீக்கிரம் வந்து, அவளே ஆட்டோ பிடித்துச் சாவி போட்டுத் திறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நானும் அத்தையும் பஞ்சு விஷயமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். நான் அலசுவது அலசலா பிழிவதா என்பது வழக்கு. அவள் வாசலிலேயே பெட்டியைக் கீழே விட்டுவிட்டாள். அவள் பார்வை நாற்காலியில் சாய்ந்திருக்கும் அம்மாவுக்கும் லுங்கியில் நிற்கும் எனக்கும் நடுவே அல்லாடியது.

"என்னம்மா ஆச்சு? சண்டையா?" என்றாள், பயந்துபோய்.

"உன் ஊட்டுக்காரருக்கு எத்தன தடவ சொன்னாலும் மண்டைல ஏறாது கண்ணு. நீ மொகங்கழுவிட்டு வா" என்றார் அத்தை.

தாரணி தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். புல்லட் இரண்டு கண்ணையும் விரித்துக்கொண்டு நீந்தி வந்து கண்ணாடியில் முட்டினான். தண்ணீரே ஊற்றாத மாதிரி இருக்கிறது என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான் என்று எழுதி வைக்கிறேன். அப்போது அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கண் வீங்கிய கதையைத் தீபாவளி முடிந்து சொல்லிக்கொள்ளலாம்.

அம்மாவிடம் சொன்னீர்களா என்று தாரணி பிறகு தனியாகக் கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். தினமும் பேசுகிறோம், சண்டை போடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வாய் வரவில்லை. சொல்லி, அவர் இல்லை என்றுவிட்டால்?

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. காலையில் அத்தை குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். காங்கயம் பஸ்ஸுக்குப் போகிறவர் போலவே இருந்தார். "மாப்பிள்ளை, என்ற பையக் கொண்டாங்க" என்றார்.

கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். வாய் பிளந்தபடி இருந்தது. கடை மூடியிருக்கிறது என்று சொன்னேன். தாரணி சமையலறை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த ஜிப்புக்காரர் கடைக்கு எதுத்தாப்லதான் தெனமும் காய் வாங்கறனுங்க மாப்பிள்ளை. கட ஒரு நாளும் மூடி நான் பாத்ததில்ல. அரக்குக் கலர் ஜிப்பு மாலை மாலையாத் தொங்குது."

எனக்குக் காது சுட்டது. தெரிந்துமா ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் பையக் கொண்டுபோய்க் குடுக்கலயே" என்றார் அத்தை.

நான் புல்லட்டைப் பார்த்தேன். அவன் கல்மேல் ஏறி வெயில் பல்புக்குக் கீழே நாலு காலையும் நீட்டிக்கொண்டிருந்தான். வீடு என்றால் இப்படித்தான் படுக்க வேண்டும்.

"இங்கயே இருங்கத்தை" என்றேன். "நீங்க போயிட்டா எனக்கு நல்லாருக்காது."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரார் பேசுவார்கள் என்றார். பேசட்டும் என்றேன். வாரவாரம் தண்ணீர் மாற்ற, பஞ்சு விஷயத்தில் என்னைக் கண்டிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதையும் சொன்னேன். அது சரிதான் என்று ஒத்துக்கொண்டார். பையை மடித்து என் கையில் கொடுத்துப் பரணில் போடச் சொன்னார்.

ஸ்டூல் போட்டு ஏறி, பையைப் பரண் விளிம்பில் வைத்தேன். கீழே அத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் உள்ள தள்ளுங்க மாப்பிள்ளை. கைக்கு எட்டாத மாதிரி."

தள்ளினேன்.